ரிவ்யூ கட்டுரைக்கு ஜர்னல் தேடித் தரும் சேவைகள்: தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு மதிப்பீடு

இலக்கிய மதிப்பாய்வு என்று தமிழில் சொன்னால் சங்கப் பாட்டுக்கு உரை எழுதுகிற வேலை போலக் கேட்கிறது. சுகாதார அறிவியலில் அது வேறு. ஒரு கேள்வியைப் பற்றி ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் பிடித்து, சலித்து, தொகுத்துச் சொல்வது. துறைக்குள் 'ரிவ்யூ' என்றால் போதும், எல்லாருக்கும் புரியும். டர்பனிலோ கேப் டவுனிலோ கட்டுரைகளைக் கோத்துப் பட்டம் வாங்குகிறவர்களுக்கு முதல் கட்டுரை பெரும்பாலும் இதுதான். எழுதி முடித்த கையோடு எந்த ஜர்னலுக்கு அனுப்புவது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதாக இணையத்தில் அரை டஜன் சேவைகள் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் போட்டுக் கட்டுரை அனுப்புகிறவருக்கு அவற்றில் எது உதவும், எது உதவாது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தச் சேவைகளில் பெரும்பாலானவை உங்கள் கட்டுரைச் சுருக்கத்தில் உள்ள சொற்களை வைத்து, அதே பொருளில் கட்டுரை போடும் ஜர்னலைக் காட்டுகின்றன. உங்கள் ரிவ்யூ எந்த வகை, அந்த வகையை அந்த ஜர்னல் வாங்குமா என்பதை அவை பெரும்பாலும் பார்ப்பதில்லை. நிபுணர் பார்வைக்குப் போகாமலே ஒரே வாரத்தில் திரும்பி வருகிற ரிவ்யூக்களில் பல, பொருள் பொருந்தியும் வகை பொருந்தாமல் திரும்பியவை.

அதனால் எந்தச் சேவையைத் திறப்பதற்கு முன்பும் கையில் இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். கதைபோல எழுதிச் செல்லும் நேரேட்டிவ் ரிவ்யூ ஒன்று. ஒரு துறையில் என்னென்ன ஆய்வுகள் இருக்கின்றன என்று வரைபடம் போடும் ஸ்கோப்பிங் ரிவ்யூ மற்றொன்று. குறுகிய கேள்விக்கு, முன்கூட்டியே பதிவு செய்த திட்டப்படி விடை தேடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ மூன்றாவது. செவிலியர் துறையில் இன்டகிரேட்டிவ் ரிவ்யூ என்று நான்காவதாக ஒன்று உண்டு. விட்டெமோர், நாஃபல் இருவரும் 2005-இல் எழுதிய முறைக் கட்டுரையைத்தான் அதற்கு அடிப்படையாகக் காட்டுவார்கள். சிஸ்டமேட்டிக் ரிவ்யூவுக்கு கட்டுரையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020 பட்டியலை நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்கோப்பிங்குக்கு 2018-இல் வந்த தனிப் பட்டியல் இருக்கிறது. கட்டாய அம்சங்கள் 20, விருப்ப அம்சங்கள் 2. நேரேட்டிவுக்குக் கட்டாயம் எதுவுமில்லை. ஆனாலும் 2019-இல் வெளிவந்த சான்ரா அளவுகோலில் தாமே மதிப்பெண் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆறு கேள்விகள், கேள்விக்கு 0 முதல் 2 வரை, மொத்தம் 12.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு: நேரேட்டிவ் ஒன்றை எழுதிவிட்டு, தரவுத்தளம் இரண்டைக் குறிப்பிட்டு, தலைப்பில் 'சிஸ்டமேட்டிக்' என்று போட்டு அனுப்புவது. எடிட்டர் முதலில் தேடுவது பதிவு எண்ணை. சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, ரிவ்யூத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் பிராஸ்பெரோ தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். ஸ்கோப்பிங் ரிவ்யூவை பிராஸ்பெரோ ஏற்பதில்லை, அதை ஓ.எஸ்.எஃப். என்ற பொதுவான ஆய்வுப் பதிவுத் தளத்தில் பதிவு செய்வதுதான் வழக்கம். வேலை முடிந்த பிறகு பதிவு செய்தால் தேதியே காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு மாதிரியை வைத்துக்கொள்வோம். நீரிழிவு உள்ளவர்கள் வீட்டிலேயே பாதத்தைப் பராமரிப்பது பற்றி, சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிய ஸ்கோப்பிங் ரிவ்யூ. டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் எந்தக் குடும்பத்தில் கேட்டாலும் சர்க்கரைக்காரர் ஒருவராவது இருப்பார், ஆகவே அந்நியமான பொருளில்லை. இனி சேவைகளுக்கு வருவோம்.

ஜேன்

ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் உருவானது. இலவசம், பதிவு தேவையில்லை, பார்க்க மிகப் பழைய தோற்றம். தோற்றத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம், இந்தக் கூட்டத்தில் இதுதான் நேர்மையானது. ஒரே பெட்டி. தலைப்பையோ சுருக்கத்தையோ ஒட்டி, ஜர்னலைக் கண்டுபிடி என்ற பொத்தானை அழுத்தினால், மருத்துவக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டில் உள்ளவற்றுள் உங்களுடையதோடு மிக ஒத்த 50-ஐ எடுத்து, அவை எந்த ஜர்னல்களில் வந்தன என்று கூட்டி வரிசைப்படுத்திக் கொடுக்கும். பக்கத்தில் ஒரு பட்டை போல நம்பிக்கை அளவு தெரியும்.

இந்த 50 என்ற எண்ணிலேயே அதன் பலமும் பலவீனமும் இருக்கின்றன. வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரை போடும் பெரிய ஜர்னல், எந்தப் பொருளிலும் நாலைந்து கட்டுரை வைத்திருக்கும். அதனால் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். வருடத்துக்கு முப்பது நாற்பது கட்டுரை மட்டும் போடும் சிறப்பு ஜர்னல் ஒன்றிரண்டு ஒப்புமையோடு கீழே கிடக்கும். மாதிரிக் கட்டுரைக்கு உண்மையில் பொருந்துவது கீழே கிடப்பதாகவே இருக்கக்கூடும். ஆகவே பட்டியலின் முதல் மூன்றோடு நிறுத்தாமல் கடைசி வரை படிக்க வேண்டும்.

பலர் தொடாத ஒரு வசதி கூடுதல் தெரிவுகளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைத் திறந்தால் கட்டுரை வகைகளுக்கு முன்னால் சிறு கட்டங்கள் இருக்கும். அதில் ரிவ்யூ என்பதை மட்டும் தேர்ந்துவிட்டுத் தேடினால், ரிவ்யூ என்று குறியிடப்பட்ட கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிடும். தேராமல் ஒருமுறை, தேர்ந்து ஒருமுறை தேடி இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் பட்டியலில் மேலே இருந்து இரண்டாவதில் காணாமல் போகிற ஜர்னல், இந்தப் பொருளில் மூல ஆய்வு மட்டும் போடுவது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இத்தனை சேவைகளில் வகையைக் கொஞ்சமாவது கவனிக்க வைப்பது இந்தச் சின்னக் கட்டம்தான்.

வெளிவராத சுருக்கத்தை அந்நியத் தளத்தில் ஒட்டத் தயங்குகிறவர்களுக்குச் சொற்களைக் கலைத்துப் போடும் பொத்தானும் இருக்கிறது. ஜேன் சொல் வரிசையைப் பார்ப்பதில்லை, சொற்களைத்தான் எண்ணுகிறது. கலைத்தாலும் விடை மாறாது. அதே காரணத்தால் சுருக்கத்தில் 'மெத்தட்ஸ்', 'பிரிஸ்மா', 'டேட்டாபேஸ்' போன்ற சொற்கள் மிகுந்திருந்தால், பாதப் பராமரிப்பு ஜர்னல்களுக்குப் பதில் முறையியல் ஜர்னல்கள் மேலே வரும். தேடுவதற்கென்று அந்த வரிகளை வெட்டிவிட்டு, பின்னணியையும் முடிவுகளையும் மட்டும் ஒட்டினால் பட்டியல் தெளியும்.

குறை: பப்மெட்டில் இல்லாத ஜர்னல் ஜேனுக்குத் தெரியாது. உள்ளூர் ஜர்னல்களில் சில இதனாலேயே விடுபடும். இன்னொன்று, பப்மெட்டுக்குள்ளேயே மோசடி ஜர்னல்களின் கட்டுரைகளும் இருக்கின்றன என்று ஜேன் தன் முகப்பிலேயே எச்சரிக்கிறது. மெட்லைனில் (பப்மெட்டுக்குள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களின் அடைவு) உள்ளது என்ற குறியும், தரமான திறந்த அணுகல் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்ற குறியும் பெயருக்குப் பக்கத்தில் வரும். இரண்டில் ஒன்றுகூட இல்லாத பெயரைப் பார்த்தால் நிதானிக்கவும். 5-க்கு 4 கொடுக்கலாம்.

பதிப்பகங்களின் தேடுபொறிகள்

எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நால்வரும் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். வரன் பார்க்கச் சொன்னால் தன் அண்ணன் பிள்ளைகளின் ஜாதகத்தை மட்டும் எடுத்து வைக்கிற தரகரைப் போல, ஒவ்வொன்றும் தன் வீட்டு ஜர்னலை மட்டும் காட்டும். தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் தப்பில்லை. எல்செவியருடையது சுருக்கத்தோடு, முதல் முடிவு வர எத்தனை நாள் ஆகும், ஏற்பு விகிதம் என்ன, மேற்கோள்களை வைத்துப் போடும் சைட்ஸ்கோர் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் தருகிறது. நாள் கணக்கைப் பார்க்கும்போது ஒரு கண் வேண்டும். எடிட்டர் மேசையிலேயே உடனடியாக நிராகரித்தவையும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கக்கூடும், ஆகவே 'பத்து நாளில் முதல் முடிவு' என்பது நிபுணர் பார்வையே பத்து நாளில் முடிந்துவிடும் என்ற வாக்குறுதி அல்ல.

இந்த நால்வரையும் தள்ளிவிடாமல் வைத்திருக்கத் தென்னாப்பிரிக்காவில் தனிக் காரணம் உண்டு: சான்லிக். பல்கலைக்கழக நூலகங்களின் தேசியக் கூட்டமைப்பான அது, பெரிய பதிப்பகங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. உங்கள் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தால், கலப்பு வகை ஜர்னலில் (சந்தாவும் திறந்த அணுகலும் கலந்தது) திறந்த அணுகலில் வெளியிட ஆசிரியர் கைக்காசு தரவேண்டியதில்லை. ஆகவே வேலை தலைகீழாக நடக்க வேண்டும். முதலில் நூலகப் பக்கத்தில் இந்த ஆண்டு எந்தப் பதிப்பகங்கள், எந்த ஜர்னல்கள் என்று பார்த்துக்கொண்டு, பிறகு அந்தப் பதிப்பகத்தின் தேடுபொறிக்குப் போவது. தேடுபொறி தரும் பெயர்களை நூலகத் தலைப்புப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கவும். முழுத் திறந்த அணுகல் ஜர்னல்கள் சில ஒப்பந்தங்களில் வராது.

இது கைநழுவுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். கட்டண விலக்கு, தொடர்புக்குரிய ஆசிரியர் யார் என்பதைப் பொறுத்தது, முதல் ஆசிரியரைப் பொறுத்ததல்ல. வெளிநாட்டு வழிகாட்டியைத் தொடர்பு ஆசிரியராகப் போட்டாலோ, உங்கள் பெயரையே போட்டு ஜிமெயில் முகவரியைக் கொடுத்தாலோ பதிப்பகத்தின் கணினி உங்களை அடையாளம் காணாமல் போகலாம், கையில் பில் வரும். பல்கலைக்கழக மின்னஞ்சல், சமர்ப்பிப்புப் படிவத்தின் பட்டியலிலிருந்தே தேர்ந்த நிறுவனப் பெயர், இரண்டும் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்று உச்சவரம்பும் இருக்கும். அது தீர்ந்துவிட்டதா என்று நூலகரிடம் கேட்பது ஒரு நிமிட வேலை.

க்ளாரிவேட், டோஜ்

க்ளாரிவேட் நிறுவனத்தின் கட்டுரை அடைவான வெப் ஆஃப் சயன்ஸின் மாஸ்டர் ஜர்னல் லிஸ்டுக்குள் கையெழுத்துப் பிரதியைப் பொருத்தும் வசதி ஒன்று உண்டு. இலவசக் கணக்கு திறக்க வேண்டும். பதிப்பகச் சார்பு இல்லாதது நல்லது. ஆனால் மருத்துவத்துக்கு ஜேன் தரும் நுணுக்கம் இதில் இல்லை. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம்.

டோஜ் என்பது திறந்த அணுகல் ஜர்னல்களின் அடைவு, 2003-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இது பொருத்தம் பார்க்காது, நீங்கள்தான் தேட வேண்டும். ஆனால் கட்டணமே வாங்காத ஜர்னல்களை மட்டும் வடிகட்டும் வசதி இதில் இருக்கிறது. கையில் நிதியில்லாத பட்டமேற்படிப்பு மாணவருக்கு அந்த ஒரு கட்டம் பொன். பொருள் பிரிவில் மருத்துவத்தையோ செவிலியத்தையோ தேர்ந்து, கட்டணமில்லாதவை என்று வடிகட்டினால் கிடைக்கும் பட்டியல் சிறிது, உழைத்துப் படிக்கும் அளவுக்குச் சிறிது.

எந்தச் சேவையும் செய்யாத வேலை

ஜேனிலிருந்து ஐந்தாறு பெயரும், சான்லிக் வழியாக இரண்டு மூன்றும் சேர்த்து எட்டுப் பெயர் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். இனி பப்மெட்டை நேரடியாகத் திறக்கவும். மேம்பட்ட தேடலில் ஜர்னல் புலத்தில் பெயரைக் கொடுத்து, தலைப்புப் புலத்தில் ஸ்கோப்பிங் ரிவ்யூ என்பதை இரட்டை மேற்கோள் குறிக்குள் ஆங்கிலத்தில் இட்டு, கடைசி இரண்டு ஆண்டு என்று வரம்பு வையுங்கள். ஒன்றும் வராத ஜர்னலை அடித்துவிடலாம். ஏழெட்டு வந்தால் அந்தக் கதவு திறந்திருக்கிறது. எட்டு ஜர்னலுக்கும் சேர்த்து கால் மணி நேரம் ஆகும். இந்தக் கால் மணி நேரம் மேலே சொன்ன எல்லாப் பொறிகளையும்விடத் துல்லியமாகப் பதில் சொல்லும்.

வந்த ஏழெட்டில் இரண்டைத் திறந்து படித்தால் இன்னும் சில தெரியும். எத்தனை ஆய்வுகளைச் சேர்த்திருக்கிறார்கள், அட்டவணை உடலில் இருக்கிறதா துணைக்கோப்பில் இருக்கிறதா, தேடல் தேதிக்கும் ஜர்னல் பெற்றுக்கொண்ட தேதிக்கும் எவ்வளவு இடைவெளி. ஸ்கோப்பிங் ரிவ்யூவின் அட்டவணை பத்துப் பக்கத்துக்கு நீளும். சொல் வரம்பில் அட்டவணையையும் கணக்கில் எடுக்கும் ஜர்னலுக்கு அதை அனுப்பினால் கட்டுரையையே பாதியாக அறுக்க நேரும்.

பிறகு ஆசிரியர் வழிகாட்டுதலில் ரிவ்யூ என்ற பத்தியை வரி விடாமல் படிக்கவும். 'அழைப்பின் பேரில்' என்ற சொல் இருந்தால் மூடிவிடலாம். ஆனுவல் ரிவ்யூஸ் குழும ஜர்னல்களின் முறை அதுதான். பிளாஸ் ஒன் முறையான தேடலுள்ள சிஸ்டமேட்டிக் ரிவ்யூவை ஆய்வாக ஏற்கும், நேரேட்டிவை ஏற்காது. ஜே.பி.ஐ. எவிடன்ஸ் சிந்தசிஸ் ஸ்கோப்பிங் ரிவ்யூவுக்கு நல்ல வீடு, ஆனால் முன்கூட்டியே எழுதிய திட்டம் இல்லாமல் வாசலை மிதிக்கக்கூடாது. சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்களை வெளியிடும் காக்ரேன் நூலகம் வேறு உலகம்: தலைப்பை முதலில் அவர்களிடம் முன்வைத்து ஒப்புதல் பெற்ற பிறகே எழுதத் தொடங்குவார்கள். எழுதி முடித்ததைக் கொண்டுபோய் நீட்டும் இடமல்ல அது.

டி.எச்.இ.டி. பட்டியல்

இதைச் சேவை என்று சொல்வது கொஞ்சம் தாராளம். தென்னாப்பிரிக்க அரசின் உயர்கல்வித் துறை (டி.எச்.இ.டி.) ஒவ்வோர் ஆண்டும் அங்கீகரிக்கும் ஜர்னல்களின் எக்செல் தாள்கள் அவை. வெப் ஆஃப் சயன்ஸ், எல்செவியரின் அடைவான ஸ்கோப்பஸ், சமூக அறிவியலுக்கான ஐ.பி.எஸ்.எஸ்., நார்வே பட்டியல், சைலோ தென்னாப்பிரிக்கா, டோஜ், அதோடு துறையின் சொந்தப் பட்டியல் என்று தனித்தனி. பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் பக்கத்தில் தொகுத்து வைத்திருக்கும். பார்க்க அழகில்லை, தேட வசதியில்லை, ஆனால் இதைப் பார்க்காமல் அனுப்பிய கட்டுரைக்குத் துறையின் மானியம் வராமல் போகலாம். பட்டம் முடிக்க அங்கீகரிக்கப்பட்ட ஜர்னல் என்று விதியுள்ள கல்லூரிகளில் பட்டமே தள்ளிப்போகும்.

2015-இல் வெளியிட்ட ஆய்வு வெளியீட்டுக் கொள்கைப்படி அங்கீகரிக்கப்பட்ட ஜர்னலில் வந்த ஒரு முழுக் கட்டுரைக்கு மானியக் கணக்கில் 1 அலகு. ரிவ்யூ கட்டுரையும் இதில் சேரும், நூல் மதிப்புரையும் எடிட்டருக்குக் கடிதமும் சேராது. அலகு ஆசிரியர்களுக்குள் சமமாகப் பங்கு போகும். நால்வரில் இருவர் ஒரு தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம், ஒருவர் இன்னொன்று, ஒருவர் சென்னை என்றால் முதல் பல்கலைக்கு 0.5, இரண்டாவதுக்கு 0.25, சென்னைக்காரரின் 0.25 யார் கணக்கிலும் வராது. கௌரவத்துக்காகப் பெயர் சேர்ப்பதைத் துறைத்தலைவர்கள் கண்டிப்பதில் ஒழுக்கத்தோடு இந்தக் கணக்கும் கலந்திருக்கிறது.

தேடும்போது பெயரால் தேடாதீர்கள், ஜர்னலுக்குரிய பதிவு எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.-ஆல் தேடுங்கள். நர்சிங், ஹெல்த், ஆப்பிரிக்கா, ஜர்னல் என்ற நாலு சொல்லை மாற்றி மாற்றி அடுக்கினால் வரும் பெயர்களில் பல உண்மையிலேயே இருக்கின்றன, சில போலி. அச்சுக்கு ஓர் எண், இணையத்துக்கு ஓர் எண் இருக்கும். தாளில் ஒன்றுதான் இருக்கலாம், ஆகவே இரண்டையும் இட்டுப் பார்க்கவும். ஸ்கோப்பஸில் இருப்பதாகச் சொல்லும் ஜர்னலை ஸ்கோப்பஸின் இலவச மூலப் பக்கத்திலேயே தேடி, சேர்ப்பு நிறுத்தப்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு இருந்து வெளியேற்றப்பட்ட ஜர்னல், தன் முகப்பில் பழைய இலச்சினையை வைத்துக்கொண்டே இருக்கும்.

ஏஜோல் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க ஜர்னல்களை ஒரே கூரையில் காட்டும் அருமையான தளம், மகாண்டாவிலிருந்து நடக்கிறது. படிக்கவும் தேடவும் நல்லது. ஆனால் ஏஜோலில் இருப்பது டி.எச்.இ.டி. அங்கீகாரம் ஆகாது, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உள்ளூர் ஜர்னல்கள்

சவுத் ஆப்பிரிக்கன் மெடிக்கல் ஜர்னல் 1884 முதல் வருகிறது, பெயரும் பெரிது, போட்டியும் பெரிது. பொதுவான மருத்துவர் எல்லாருக்கும் தேவைப்படும் கேள்வி என்றால் மட்டும் அங்கே. ஏ.ஓ.எஸ்.ஐ.எஸ். பதிப்பகத்தின் குடும்பத்தில் சுகாதார அறிவியலுக்கு நிறைய இடம் உண்டு: செவிலியருக்கு க்யூரேஷியோனிஸ், இயன்முறை மருத்துவத்துக்கு சவுத் ஆப்பிரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி, ஆரம்பச் சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்குமான ஆப்பிரிக்க ஜர்னல், பல துறை கலந்தவற்றுக்கு ஹெல்த் எஸ்.ஏ. கெசோன்ட்ஹெய்ட். கடைசிப் பெயரில் 'ஹெல்த்' என்பதும் 'கெசோன்ட்ஹெய்ட்' என்பதும் ஒரே சொல்தான், ஆங்கிலத்தில் ஒருமுறை, ஆப்பிரிகான்ஸில் ஒருமுறை. நீரிழிவு என்றால் ஜெம்ட்சா என்று சுருக்கி அழைக்கும் தென்னாப்பிரிக்க நாளமில்லாச் சுரப்பி ஜர்னலையும் பார்க்க வேண்டும். மாதிரிக் கட்டுரைக்கு முதல் தேர்வு ஆரம்பச் சுகாதார ஜர்னல், இரண்டாவது ஹெல்த் எஸ்.ஏ.; பாதப் பராமரிப்பு வீட்டிலும் கிளினிக்கிலும் நடப்பது, சுரப்பி நிபுணரின் அறையில் அல்ல.

உலகம் முழுவதையும் வளைத்த ரிவ்யூவை உள்ளூர் ஜர்னலுக்கு அனுப்பினால் எடிட்டர் கேட்கும் முதல் கேள்வி, இதில் ஆப்பிரிக்கா எங்கே என்பது. மாதிரியில் சஹாராவுக்குத் தெற்கே என்று எல்லை போட்டது அதற்காகத்தான். உலக ரிவ்யூதான் எழுதியிருக்கிறீர்கள் என்றால் விவாதப் பகுதியில் இங்குள்ள கிளினிக்குகளுக்கு என்ன பொருள் என்று இரண்டு பத்தியாவது இருக்க வேண்டும். முகப்புக் கடிதத்தில் மட்டும் சொன்னால் நம்பமாட்டார்கள்.

காசு

வெளிநாட்டு ஜர்னல்களின் கட்டணம் டாலரில் இருக்கும். டாலருக்கு 18 ராண்ட் என்று வைத்தால் 2,000 டாலர் 36,000 ராண்ட். வளரும் நாட்டுச் சலுகை கிடைக்கும் என்று நம்பி அனுப்புகிறவர்கள் கவனிக்கவேண்டியது: உலக வங்கிக் கணக்கில் தென்னாப்பிரிக்கா மேல்நடுத்தர வருமான நாடு, ஆகவே தானாகக் கிடைக்கும் விலக்குப் பட்டியல்களில் பெரும்பாலும் இருக்காது. விலக்கு வேண்டுமென்றால் சமர்ப்பிக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்பு வந்த பிறகு கேட்டால் பல பதிப்பகங்கள் கதவைச் சாத்திவிடும்.

தேசிய ஆய்வு நிதியகத்தின் பணத்தில் செய்த வேலை என்றால், நிபுணர்கள் பார்த்துத் திருத்திய இறுதிப் பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட வேண்டும், பொதுப் பார்வைக்குத் திறக்காமல் வைக்கும் தடைக்காலம் 12 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2015 முதல் விதி. ஜர்னல் அதை அனுமதிக்கிறதா என்று ஷெர்பா ரோமியோ என்ற தளம் சொல்லும். இப்போது அதன் பெயர் ஓப்பன் பாலிசி ஃபைண்டர். இலவசம், அரை நிமிடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. சந்தா ஜர்னலில் காசு கொடுக்காமல் வெளியிட்டு, பிரதியைக் களஞ்சியத்தில் போடுவது சட்டப்படியே இலவச வழி, அதை மறந்துவிட்டு 36,000-க்குத் தவிக்கிறார்கள்.

அழைத்து வரும் ஜர்னல்களும் பணம் வாங்கும் தரகர்களும்

'மதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று முதலாண்டு மாணவரை விளித்து, மூன்று நாளில் ஏற்பு தருவதாக வரும் மின்னஞ்சலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் விழுகிறார்கள். 2005 முதல் 2014 வரை தென்னாப்பிரிக்க ஆசிரியர்களின் 4,246 கட்டுரைகள், மோசடி என்று கருதக்கூடிய 48 ஜர்னல்களில் வந்திருந்ததை மூட்டன், வாலண்டைன் இருவரும் 2017-இல் எழுதினார்கள். ரிவ்யூ எழுதுகிறவர்களைத்தான் இவர்கள் குறிவைப்பது அதிகம். நெறிமுறைக் குழு ஒப்புதல் எண் வேண்டாம், தரவு வேண்டாம், சீக்கிரம் பணமாக்கலாம்.

முகப்பில் 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று இருந்தால் போதும், மூடிவிடலாம். ஜர்னலின் மேற்கோள் அளவான உண்மையான இம்பாக்ட் ஃபேக்டர் க்ளாரிவேட் மட்டும் கொடுப்பது. ஐ.எஸ்.எஸ்.என். இருப்பது தரச் சான்றல்ல, வெறும் பதிவு எண். கூகுள் ஸ்காலரில் வருவதும் அப்படியே. பப்மெட்டில் வருகிறது என்று சொன்னால் அமெரிக்க மருத்துவ நூலகத்தின் அடைவில் அந்த ஜர்னலைத் தேடி, இப்போது மெட்லைனுக்காகக் குறியிடப்படுகிறது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தனிக் கட்டுரைகள் நிதியளித்தவரின் விதியால் பி.எம்.சி. என்ற முழுக்கட்டுரைக் களஞ்சியம் வழியாக பப்மெட்டுக்குள் வரமுடியும், அதை வைத்து முழு ஜர்னலும் உள்ளே இருப்பதாகப் பேசுவார்கள். நல்ல ஜர்னலின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஆகவே தேடுபொறி காட்டும் முதல் இணைப்பை அழுத்தாமல், ஸ்கோப்பஸ் பக்கத்திலோ டோஜிலோ உள்ள இணைப்பு வழியாகவே ஜர்னலின் தளத்துக்குப் போகவும்.

மோசடி அல்லாமலும் விபத்து நடக்கும். எம்.டி.பி.ஐ. பதிப்பகத்தின் ஐ.ஜே.இ.ஆர்.பி.எச். என்ற பெரிய பொதுச் சுகாதார ஜர்னலை 2023 மார்ச்சில் வெப் ஆஃப் சயன்ஸ் நீக்கியது. அப்போது அங்கே கட்டுரை வரிசையில் நின்றவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். அனுப்பும் நாளில் ஒருமுறை, ஏற்பு வந்த நாளில் ஒருமுறை நிலையைச் சரிபார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

பணம் வாங்கிக்கொண்டு மூன்று முதல் ஐந்து ஜர்னல் பெயர் எழுதித் தரும் மொழித்திருத்த நிறுவனங்களின் சேவை தேவையில்லை. ஜேன் தருவதையே அழகான பி.டி.எஃப். ஆக்கித் தருவது போலத்தான் பெரும்பாலும் இருக்கும், டி.எச்.இ.டி.யும் சான்லிக்கும் அவர்கள் கணக்கில் வராது. சாட்பாட்டிடம் கேட்பது இன்னொரு பழக்கமாகிவருகிறது. பெயர்களைச் சொல்லும், சிலவேளை இல்லாத ஜர்னலையும் சொல்லும், பழைய எண்களைப் புதியவை போலச் சொல்லும். சுருக்கத்துக்கு மாற்றுச் சொற்கள் கேட்கலாம், ஜர்னல் கேட்கவேண்டாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் சுகாதார அறிவியல் நூலகர் இந்த வேலையைச் சம்பளத்துக்குள்ளேயே செய்து தருவார்; 5-க்கு 5 அவருக்குத்தான், முன்பதிவு செய்துகொண்டு போனால்.

அனுப்புவதற்கு முன்

வடிகட்டி மூன்று பெயர் மிஞ்சினால் போதும், வரிசையிட்டு எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் ஒரு ஜர்னலுக்குத்தான் சமர்ப்பிக்கலாம். ஆனால் முன்விசாரணைக் கடிதத்தை மூவருக்கும் ஒரே நாளில் அனுப்பலாம், அது சமர்ப்பிப்பு அல்ல. கடிதத்தில் தலைப்பு, ரிவ்யூவின் வகை, பதிவு எண், தேடிய தரவுத்தளங்கள், கடைசியாகத் தேடிய தேதி, சேர்த்த ஆய்வுகளின் எண்ணிக்கை, 200 சொல்லுக்குள் சுருக்கம், கடைசியில் 'இந்த வகையை இப்போது பரிசீலிக்கிறீர்களா' என்ற ஒரே கேள்வி. இரண்டு வாரத்தில் பதில் வரவில்லை என்றால் முதல் பெயருக்கே சமர்ப்பித்துவிடலாம். எடிட்டர் வாசலில் காவடி எடுத்துக்கொண்டு நிற்கவேண்டியதில்லை.

கடைசித் தேடல் தேதியை அந்தக் கடிதத்தில் மறைக்காதீர்கள். தேடி 12 மாதம் தாண்டிய ரிவ்யூவைப் பல எடிட்டர்கள் பழையது என்று திருப்புகிறார்கள். தவறான இரண்டு ஜர்னலில் ஆறு ஆறு மாதம் கிடந்தால், மூன்றாவதுக்குப் போகும்போது தேடலையே மறுபடி ஓட்டி, புதிதாக வந்தவற்றைச் சலித்து, பிரிஸ்மா ஓட்டப்படத்தின் எண்களை முதலிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு இரண்டு பேருக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். தேடல் வரிகளையும் சலித்த கோப்பையும், சலிக்கும் வேலைக்கான ரேயான் போன்ற தளத்தில் அழிக்காமல் வைத்திருந்தால் ஒரு வாரம் குறையும்.